நுனியிலிருந்து ஒரு விரல்

சட்டப் பட்டம் வாங்கிய மறுவாரம்
அப்பா ஒரு குறிப்பேட்டை நீட்டினார்.
இடப்பக்கம் பார்த்தவை.
வலப்பக்கம் செலவு.
பதினான்கு மாதம் கழித்து இரண்டையும் கூட்டிப் பார்ப்பாராம்.

புவெனஸ் அய்ரஸில் கப்பல் ஏறினேன்.
முதல் வகுப்பில் யாரோ கறவைப் பசுவையும் கூட்டி வந்திருந்தார்கள்.
லிஸ்பன் வரை விடியற்காலைகளில்
அலைக்கு மேலே அது கத்தியது.

போலோன்யா: சாய்ந்த கோபுரங்கள் இரண்டு.
டிரெஸ்டன்: ஓர் ஓவியத்தின் முன் நாற்பது நிமிடம்
(கால் வலி. எதிரே இருக்கை இருந்தது).
பாரிஸில் இடப்பக்கம் வெறுமை.
வலப்பக்கம் கையுறை, ஷாம்பெயின், வாடகை வண்டி,
மறுபடியும் கையுறை.

பிராட்ஃபோர்டு பட்டியலில் கடைசிக்கு முந்தைய ஊர்.
'நம் கம்பளி எங்கே போய்ச் சேருகிறதென்று பார்'
என்று அப்பா அடிக்கோடிட்டிருந்தார்.
கரி கலந்து பெய்யும் மழை.
கொட்டகையில் வடக்குப் பார்த்த சன்னல்கள்,
தரம் பிரிக்க அந்த வெளிச்சம்தான் சரியாம்.
மேசைக்கு அடியில் விசிறி ஒன்று
தூசியை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.
பக்கத்து மேசையில் ஆளில்லை.
'போன மாதம். மூன்றே நாள் காய்ச்சல்'
என்றான் வில்ஃப்ரட் ஹோல்ட்ராய்ட்.
கேட்டேன், என் வயதுதான் அவனுக்கும்.

அவன் பிரித்த மூட்டையில் எங்கள் முத்திரை:
இரு அம்புகள், நடுவே ஒரு பிறை.
வீட்டு வெள்ளிக் கரண்டிகளிலும் அதுதான்.
பெருமையாகச் சொன்னேன்.
அவன் ஒரு கொத்தை உருவினான்,
இரு கை விரல்களால் பிடித்துக்
காதருகே கொண்டுபோய்ச் சுண்டினான்.
டப்பென்று அறுந்தது.
இன்னொன்று. அதே இடம்.
இன்னொன்று. அதே இடம்.
நுனியிலிருந்து ஒரு விரல் அகலம்.

'மயிர் கத்திரிப்பது எப்போது?'
'நவம்பர்.'
விரல் கணுக்களை எண்ணினான்.
'அப்படியென்றால் ஜனவரி.
அந்த ஜனவரியில் உங்கள் ஆடுகள் பட்டினி கிடந்தன.
தண்ணீரும் இல்லை போல.'
'அங்கே புல்லுக்குக் குறைவில்லை' என்றேன்,
இருபது ஆண்டு நூல்களைப் படித்த நாக்கால்.
அவன் மறுக்கவில்லை.
'இது பிழைத்த ஆடு, ஐயா.
செத்ததன் மயிரைத் தனி மூட்டையாகக் கட்டுவார்கள்.
அதுவும் வந்தது. போன வாரம்.'

ஜனவரி.
நாங்கள் மார் தெல் பிளாத்தாவில் இருந்தோம்.
கடலோர மாளிகை, இரவெல்லாம் நடனம்.
ஒரு காலை உணவின்போது
பண்ணை மேற்பார்வையாளர் ருதேசிந்தோவின் கடிதம் வந்தது.
அப்பா படித்து மடித்துப்
பழத்தட்டின் அடியில் வைத்தார்.
வீட்டை ஒட்டிய ஏரியின் வேலியைத் திறந்துவிடலாமா,
மந்தை குடிக்கட்டுமே என்று கேட்டிருந்தாராம்.
'அன்னங்கள் மிரளுமே' என்றாள் அம்மா.
ருதேசிந்தோவுக்கு அன்னங்களோடு பொறாமை என்று
நான் ஏதோ சொல்ல,
மேசையே சிரித்தது.
நல்ல நகைச்சுவை என்று மாமா தோளில் தட்டியதுகூட
ஞாபகம் இருக்கிறது.

வில்ஃப்ரட் அடுத்த கொத்துக்குப் போய்விட்டான்.
அவனுக்குக் கூலி எடைக்கு.
தரையில் கிடந்த இழைத் துண்டொன்றை எடுத்தேன்,
யாரும் பார்க்கவில்லை.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பான்.

அன்றைய தேதிக்கு இடப்பக்கம்: மழை.
வலப்பக்கம்: ரயில் கட்டணம், தேநீர்,
தந்தி ஒன்று.

தபால் நிலையத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று
பலகை தொங்கியது.
ஐந்து படிவங்களைக் கிழித்தேன்.
முதலாவதில் நாற்பது சொற்கள்,
கேள்விகள், தேதிகள், ருதேசிந்தோ இன்னும் இருக்கிறாரா என்பது.
ஆறாவதில் இரண்டே சொற்கள்:
அன்னங்கள் நலமா.

மூன்றாம் நாள் லண்டன் ஹோட்டலில்
தட்டில் வைத்துப் பதிலைக் கொண்டுவந்தான் பணியாள்.
நலம்.
பணம் அனுப்பியுள்ளேன்.